பதினொரு பூஜ்யங்கள்

தர்மபுரியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தப் பக்கம் போனாலும் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கடலடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலில் எத்தனை மீன் குடியிருக்கிறது என்று எண்ணுவதுதான் என் வேலை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் அப்பா ஹயாத் பாஷா செருப்புக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள், "பொண்ணு சமரீன் என்ன பண்ணுது பாய்?" என்று கேட்டால் ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "மீன் கடையிலயா?" என்று இரண்டு பேர் திருப்பிக் கேட்ட பிறகு, "கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்.

நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையின் மாடிதான் எங்கள் ஆபீஸ். கீழேயிருந்து வேப்பம்புண்ணாக்கு வாசனை ஏறி வரும். மேலே ஆறு கம்ப்யூட்டர்களிலும் நீலமாகக் கடல் ஓடும். தெற்கே ஒரு கடலாய்வு நிறுவனத்தின் ஆட்கள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, நாற்பது வருஷத்துக்கு முன் மூழ்கிய சரக்குக் கப்பலின் மேல் நீளமாக ஒரு டேப்பை விரித்து, அதை ஒட்டியே கேமராவோடு நீந்துவார்கள். பக்கத்திலிருக்கும் கடலடிப் பாறைகளிலும் அப்படியே. அந்த வீடியோக்கள் மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாக எங்களிடம் வரும். ஒவ்வொரு துண்டிலும் என்னென்ன உயிர் இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று நாங்கள் குறிக்க வேண்டும்.

போன மீனே திரும்பி வந்தால் இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒரு விதி உண்டு. எந்த இடத்தில் வீடியோவை நிறுத்தினால் ஒரே படத்தில் அந்த வகை மீன் அதிகமாகத் தெரிகிறதோ, அந்த எண்தான் கணக்கு. கண்ணில் பட்ட வகைக்கு ஒரு வரி சேர்த்து, எதிரில் எண்ணைப் போட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். மஞ்சள் கோடு போட்ட மீன்கள் அறுபது எழுபதாக மொத்தமாக வந்து கேமராவை மறைக்கும்போதுதான் சங்கதி தெரியும். அதற்கு நாங்கள் ஸ்கூல் வேன் என்று பெயர் வைத்திருந்தோம். கடத்தூரிலிருந்து வரும் சோபனா எப்போதும் பாறை வீடியோவாகவே கேட்டு வாங்கிக்கொள்வாள். அங்கே பாதி ஜீவன்கள் இடத்தை விட்டு நகராது, எண்ணிக்கொண்டே போனில் சீரியலும் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு.

மற்ற ஐந்து பேர் எண்ணுவதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒருத்தி திரும்பப் பார்க்க முடியாது, பத்துக்கு ஒன்று பார்ப்பேன். சோபனாவுடையதென்றால் பத்துக்கு ஐந்து பார்ப்பேன். முனிராஜ் அண்ணாவுடையதை மட்டும் பார்க்கவே மாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு ஓகே போட்டுவிடுவேன். அவர் கண் அப்படிப்பட்டது.

முனிராஜ் அண்ணாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பென்னாகரத்தைத் தாண்டி காட்டோரமாக ஊர். இண்டூர் வழியாக வரும் முதல் பஸ்ஸில் வந்து எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை வீட்டில் ஆட்டுப் பட்டி இருந்தது. ஆடுகள் நோயில் போன பிறகு, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தார். பென்னாகரத்தில் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளும் அம்மா செல்லம்மாளும் மனைவியும் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். காட்டில் புதருக்குள் படுத்திருக்கும் ஆட்டைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, மணலுக்குள் புதைந்து இரண்டு கண்ணை மட்டும் நீட்டியிருக்கும் மீன் எம்மாத்திரம். ஒரு நாள் என் திரையை எட்டிப் பார்த்து, "சமரீன், அந்தக் கல்லு மூச்சு வுடுது பாரும்மா" என்றார். பார்த்தேன். அது கல்லில்லை, மீன். அன்றைக்குப் பிறகு அவர் வேலையைச் சோதிப்பது மரியாதையில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த முட்டாள்தனம் ஒரு செவ்வாய்க்கிழமை வெளியே வந்தது.

எங்கள் முதலாளி மாதவராஜ் போனைக் காதில் வைத்தபடியே என் மேஜைக்கு வந்தார். முன்பு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். கரண்ட் போனாலே கலங்கிவிடுவார். அன்றைக்கு முகம் வெளுத்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் அந்த ஆய்வுக்குத் தலைமை வகிக்கும் வெண்மதி மேடம். கோபத்தில் கத்துகிறவரில்லை. மெதுவாகப் பேசுவார், அதுதான் பயமாக இருக்கும்.

"கப்பலோட பின்பக்கம் ஒரு பழைய கயிறு தொங்குது. அதுல ஒரு கடல் குதிரை வாலைச் சுத்திக்கிட்டு இருக்கு. எங்க டைவர் நேர்ல பாத்து போட்டோவே எடுத்துட்டு வந்துட்டார். அந்த இடத்தை வேற வேற நாள்ல எடுத்த பதினோரு வீடியோ உங்ககிட்ட வந்துச்சு. நீங்க அனுப்பின ரிப்போர்ட்ல கடல் குதிரையே இல்லை. பதினொண்ணுல ஒண்ணுல கூடவா கண்ணுல படலை?"

"செக் பண்ணிச் சொல்றேங்க மேடம்" என்றேன்.

"சட்டப்படி பாதுகாக்க வேண்டிய உயிர் அது. அது இருக்கா இல்லையான்னு தெரியாம நான் எப்படி அறிக்கை எழுதறது? வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வீடியோ கால்ல வாங்க. யார் பார்த்ததுன்னு சொல்லுங்க, அந்த ஐடியை மூடிடறேன். தூங்கறவங்களை வெச்சு இந்த வேலை நடக்காது."

ஐடியை மூடினால் அந்த ஆளுக்கு வேலை போனது போனதுதான். போன் வைத்ததும் நான் நேராக சோபனாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னை ஏன்டி பாக்கற? நான் கப்பல் பக்கமே போறதில்ல" என்றாள். அதுவும் உண்மைதான். பட்டியலைத் திறந்தேன். பதினொரு வீடியோவையும் பார்த்தது முனிராஜ் அண்ணா. பதினொன்றுக்கும் ஓகே போட்டது சமரீன், அதாவது நான்.

முதலில் எனக்கு வந்தது வெட்கம். அது என் சுபாவப்படி உடனே கோபமாக மாறிவிட்டது. மாதவராஜின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதினொரு வீடியோவையும் போட்டேன். முதலாவதில் கயிறு தெரிந்தது, குதிரை தெரியவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. நாலாவது வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கி, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்த பிறகுதான் பிடிபட்டது. கயிற்றின் அதே துருநிறம், என் சுண்டுவிரல் அளவு உடம்பு. இதைத் தவறவிட்டதற்காக ஒருவரைத் தூங்கினார் என்று சொல்வது அநியாயம் என்று தோன்றியது. மூச்சு விடும் கல்லைக் கண்டுபிடித்த மனிதருக்கே தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டே, அவர் போட்டிருந்த மூலப் பட்டியலைத் திறந்தேன்.

அங்கே வரி இருந்தது. கடல் குதிரை, எதிரில் பூஜ்யம். பதினொரு வீடியோவிலும் அதே வரி, அதே பூஜ்யம். எண் பூஜ்யமாக இருக்கும் வரிகள் ரிப்போர்ட்டில் அச்சாகாது, அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் பார்க்காத ஒன்றுக்கு ஒரு மனிதர் எதற்காகப் பதினொரு தடவை வரி சேர்க்க வேண்டும்?

அப்புறம்தான் கடைசி வீடியோவின் மற்ற வரிகளைப் பார்த்தேன். கிளிமீன் ஐந்து என்று போட்டிருந்தார். நான் எண்ணினால் ஆறு. சிங்கி இறால் இரண்டு என்றிருந்தது. மூன்று இருந்தது. ஸ்கூல் வேன் அறுபத்து மூன்று. விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு மூன்று முறை எண்ணினேன், அறுபத்து நான்கு. மத்தியானச் சாப்பாட்டை மறந்து முப்பது வீடியோ பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒன்று குறைவு, மிகச் சரியாக ஒன்று. அறுபத்து நான்கு மீனை இம்மி பிசகாமல் எண்ணிவிட்டு அறுபத்து மூன்று என்று எழுதியிருக்கிறார் மனுஷன்.

வெளியே வந்து அவர் மேஜை முன்னால் நின்றேன். "அண்ணா, கயித்துல கடல் குதிரை இருக்குதா இல்லையா?"

"இருக்குதுங்க மேடம்" என்றார். சாதாரண நாளில் எனக்குச் சமரீன்தான் பெயர். மேடம் என்றால் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"அப்ப ஏன் பூஜ்யம்?"

அவர் மௌஸை ஓரமாக நகர்த்தி வைத்தார். "ஒண்ணுதான இருந்திச்சு. ஒண்ணுல ஒண்ணு கொறைச்சா அவ்வளவுதானுங்க வரும்."

"ஏன் கொறைக்கணும்?"

"எங்கூட்ல அப்படித்தான். ஆடு எத்தினின்னு யாராச்சும் கேட்டா முழுசா சொல்லக் கூடாது. கண்ணு பட்டுரும். ஒண்ணு கொறைச்சித்தான் சொல்லணும். சின்ன வயசிலேர்ந்து பழக்கம். இங்க வந்த மொத நாள் மூணு மீனு இருந்திச்சு, கை தானா ரெண்டுன்னு போட்டிருச்சு. தப்புன்னு தெரிஞ்சுது. அழிக்கத்தான் போனேன். மனசு வரலீங்க."

"அண்ணா, இது ஆடு இல்ல, மீனு. அதுவும் கடல்ல இருக்கற மீனு. இங்கேருந்து யாரோட கண்ணு அங்க போய்ப் படும்?"

"நம்ம பன்னெண்டு கண்ணும் அங்கதான இருக்குது நாள் பூரா" என்றார்.

சோபனா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆய்வில் தன் கைக்கு வந்த எண்ணூறு வீடியோவைப் பொய்யாக்கிவிட்டு என்ன நியாயம் பேசுகிறார் என்று நன்றாகக் கத்தினேன். கீழே உரக்கடைக்காரர் வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்த்தாராம். முனிராஜ் அண்ணா, நான் ஓய்ந்த பிறகு சொன்னார்.

"மூணு வருசம் முன்னாடி ஊருக்கு ஒருத்தர் ஆடு மாடு கணக்கெடுக்க வந்தாரு. ஆத்தா வூட்ல தனியா இருந்திச்சு. நல்ல மனுசனா தெரியறாரேன்னு நாப்பத்திரெண்டுன்னு முழுசா சொல்லிருச்சு. அடுத்த மாசமே கழிச்சல் வந்து பட்டி காலி. ஆறுதான் மிச்சம். ஊசி போடாம வுட்டதாலதான் செத்துதுன்னு எனக்கும் தெரியுமுங்க. ஆத்தாகிட்டயும் அதத்தான் சொல்றேன். ஆனா அது இன்னிக்கும் தன் வாயாலதான் போச்சுன்னு உக்காந்திருக்குது."

அதற்கு மேல் எனக்குக் கத்த வரவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? அக்கா குழந்தையின் எடையை யாராவது கேட்டால் அம்மா முன்னாலும் பின்னாலும் மாஷா அல்லாஹ் போடாமல் சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரி, முழுசா யார்கிட்டயுமே சொல்ல மாட்டீங்களா?"

"ஒருத்தர்கிட்ட சொல்லலாம். பட்டிய வுட்டுட்டு வெளியூர் போறோம்னா, பாத்துக்கறவங்ககிட்ட ஒண்ணு வுடாம சொல்லணும். சொல்லிட்டா பொறுப்பு அவங்களுது. அதுக்கப்பறம் நாம கவலப்படக் கூடாது."

வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மென்பொருள் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார் மாதவராஜ். முனிராஜ் அண்ணாவின் எல்லா வரியிலும் ஒன்றைக் கூட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும், யாருக்கும் தெரியவே தெரியாது என்றாள் சோபனா. சீரியல் பார்க்கிறவளுக்கு மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது. நானும் ஒரு ராத்திரி அதை யோசித்தேன். ஆனால் வெண்மதி மேடம் யார் பார்த்தது என்று கேட்டிருக்கிறார். பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும். பொய்யோடு சேர்த்துச் சொன்னால், அது பிடிபடும் நாளில் இந்த மாடியில் யாருக்குமே வேலை இருக்காது.

மூன்று மணிக்குப் பெரிய திரையில் வெண்மதி மேடம் வந்தார். பின்னால் ஜன்னலில் நிஜக் கடல் தெரிந்தது. நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று குறைக்கும் வழக்கம், அவர் அம்மா செல்லம்மாள், நாற்பத்திரண்டு ஆடு, நான் பார்க்காமலே ஓகே போட்டது, ஒன்றையும் விடவில்லை. மாதவராஜ் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. மேடம் சிரிப்பார் அல்லது இணைப்பைத் துண்டிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"அவரைக் கூப்பிடுங்க" என்றார்.

முனிராஜ் அண்ணா வந்து திரைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க கண்ணு நல்ல கண்ணுன்னு சமரீன் சொல்றாங்க. நானும் ரெக்கார்டைப் பாத்தேன், உண்மைதான். ஆனா எனக்கு வேண்டியது கண்ணு மட்டும் இல்லை, நம்பர். உங்க வழக்கத்தைக் கேலி பண்ணலை. அதை வெச்சுக்கிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாதுன்னுதான் சொல்றேன். இருக்கறதை இருக்கறபடி சொல்ல முடியும்னா ஐடி இருக்கட்டும். முடியாதுன்னா இப்பவே மூடிடறேன். உங்க மேல எனக்குக் கோபம் இல்லை."

சொல்லிவிட்டு, திரையில் அந்தப் பதினொன்றில் கடைசி வீடியோவை ஓட்டினார். கப்பல், கயிறு, அதில் அந்தத் துருநிற ஜீவன். "இதுல கடல் குதிரை எத்தனை?"

முனிராஜ் அண்ணா திரையையே உற்றுப் பார்த்தார். ஒன்று என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் தம்பி மகன்கூடச் சொல்லிவிடுவான். இரண்டு பெண் பிள்ளைகளும் பென்னாகரத்து ஸ்கூலும் என் கண்முன் வந்து போயின. சொல்லித் தொலையுங்களேன் என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றார் கடைசியில்.

"கேளுங்க."

"அது சினையா இருக்குதுங்க. வயித்தப் பாருங்க. மொத வீடியோவுல அப்படி இல்ல. ஏழாவதுலேர்ந்து உப்பிக்கிட்டே வருது. சினையா இருக்கற நேரத்துல போய்க் கணக்குச் சொல்லச் சொல்றீங்களே."

வெண்மதி மேடம் வீடியோவை நிறுத்தினார். பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "டைவரும் கவனிக்கலை. போட்டோவை வெச்சுக்கிட்டு நானும் கவனிக்கலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "முனிராஜ், அது ஆண். கடல் குதிரையில ஆண்தான் வயித்துப் பையில குஞ்சைச் சுமக்கும்."

முனிராஜ் அண்ணா திரும்பி என்னைப் பார்த்தார். மேடம் விளையாடுகிறாரா என்று கேட்கிற பார்வை. "கடாவாங்க?" என்றார்.

"கடாதான்."

"இதை என் வூட்டுக்காரரு கேக்கணுமே" என்றாள் சோபனா பின்னாலிருந்து. மாதவராஜ்கூடக் கைக்குட்டைக்குள் சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. கேள்வி இன்னும் அப்படியே நின்றிருந்தது, எண் வரவில்லை.

"இப்பவும் எனக்கு நம்பர் வேணும்" என்றார் வெண்மதி மேடம். சிரிப்பு போயிருந்தது. ஆனால் குரல் முன்பு போல் இல்லை.

"அது இருக்கற எடத்துக்கு மறுபடி யாரு போவாங்க?"

"வியாழக்கிழமை நானே இறங்கறேன்."

"அடிக்கடி போவீங்களா?"

"மாசம் ரெண்டு தடவை. இந்த ஆய்வு முடியற வரைக்கும் அந்தக் கப்பல் என் வேலைதான்."

முனிராஜ் அண்ணா கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார். தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடத்தில் எழுந்து பதில் சொல்கிறவர் மாதிரி இருந்தது.

"ஒண்ணுங்க" என்றார். "கயித்துல ஒண்ணு. வயித்துல இருக்கறது எனக்குத் தெரியலீங்க, அது பொறந்தப்பறம்தான் தெரியும். கிளிமீனு ஆறு. சிங்கி மூணு. அந்த மஞ்சக் கோடு போட்டது அறுவத்தி நாலு. மறைக்கலீங்க, முழுசா சொல்லிட்டேன். இனிமே நீங்கதான் பாத்துக்கணும்."

நான் வெண்மதி மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய படிப்பு படித்தவர், இதற்கு என்ன சொல்வாரோ. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரிங்க" என்றார். அதுவரை அவரிடம் நாங்கள் கேட்டிராத 'சரிங்க'. "ஒண்ணு, ஆறு, மூணு, அறுவத்தி நாலு. நான் வாங்கிக்கிட்டேன். இனி என் பொறுப்பு. மத்த வீடியோவையும் இதே மாதிரி ஒண்ணு விடாம ஒப்படைச்சிருங்க."

திரை அணைந்தது. முனிராஜ் அண்ணா தன் இடத்துக்குப் போய் முதல் வீடியோவைத் திறந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, சீரியலை நிறுத்தச் சொல்லி சோபனாவை ஒரு சத்தம் போட்டேன். பாவம், அவள் அப்போது போனைக் கையில்கூட எடுத்திருக்கவில்லை.